எந்த ஔவை, எந்த நக்கீரர்?

புறநானூற்றின் அடிக்குறிப்புகளில் கிள்ளிவளவன் என்ற பெயரில் இரண்டு சோழர்கள் வருகிறார்கள். ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சியவன். மற்றவன் குராப்பள்ளித் துஞ்சியவன். பாண்டியரில் நன்மாறன் பெயருக்கும் இதே ஏற்பாடுதான். சித்திரமாடத்துத் துஞ்சியவன் ஒருவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சியவன் இன்னொருவன். மன்னன் எங்கே கண்மூடினான் என்பதைச் சொல்லியே அவனை அதே பெயருடைய மற்றவனிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். நெடுஞ்செழியர்களைப் பிரிக்கப் போர்கள் கைகொடுத்தன: ஆரியப்படை கடந்தவன் வேறு, தலையாலங்கானத்துச் செருவென்றவன் வேறு.

பாட்டைத் தொகுத்தவர்களுக்குப் பெயர்க் குழப்பம் வரும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. புலவர்கள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்தார்கள். சங்கப் பாடல்கள் 2381. பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். இத்தனை பேருக்கு நடுவே கீரன், கண்ணன், சாத்தன், நாகன், பூதன், தேவன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே ஊரைச் சேர்த்தார்கள், தொழிலைச் சேர்த்தார்கள், தகப்பன் பெயரைச் சேர்த்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றெல்லாம் நீள்கிற பெயர்களை அலங்காரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கபிலர் இருக்கும்போதே தொல்கபிலர் என்று ஒருவரும், பரணர் இருக்கும்போதே வன்பரணர் என்று ஒருவரும் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒரு எழுத்து விடாமல் ஆளடையாளம் காத்த வேலை இது.

இந்த அக்கறை பின்னால் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

சைவத் திருமுறைகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. அவற்றில் பதினோராம் திருமுறையில் பன்னிரண்டு ஆசிரியர்களின் 40 நூல்கள் இருக்கின்றன. காரைக்கால் அம்மையார், சேரமான் பெருமாள் எல்லாம் வந்த பிறகு வரிசையாக நான்கு பெயர்கள்: நக்கீரர், கல்லாடர், கபிலர், பரணர். நான்கும் சங்கப் பெயர்கள். நால்வருக்கும் 'தேவ நாயனார்' என்ற பின்னொட்டு. ஒரே தொகுப்பில், அதுவும் அடுத்தடுத்து, நான்கு பழம்பெயர்கள் தற்செயலாக வந்து உட்கார்ந்தன என்று என்னால் நம்ப முடியவில்லை. யாரோ அந்தப் பெயர்களைத் தேடி எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். அல்லது அந்தப் புலவர்களே விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கபிலரை எடுத்துக்கொள்வோம். பாரியின் நண்பரான சங்கக் கபிலர் மலையையும் தினைப்புனத்தையும் ஒரு குறுநில மன்னனின் வீழ்ச்சியையும் பாடியவர். குறிஞ்சிப்பாட்டும் ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும் அவர் பெயரில் உள்ளவை. பதினோராம் திருமுறையின் கபிலதேவரோ 'மூத்த நாயனார் திருஇரட்டைமணிமாலை' பாடியிருக்கிறார். மூத்த நாயனார் என்றால் பிள்ளையார். சங்கப் பாடல்கள் எவற்றிலும் பிள்ளையார் இல்லை. இந்த ஒரு சான்று போதும்; நடை, யாப்பு என்றெல்லாம் மேலே போக வேண்டிய தேவையே இல்லை. பதினெண்கீழ்க்கணக்கில் 'இன்னா நாற்பது' பாடிய கபிலர் இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் மூன்றாமவர்.

நான்காவது கபிலரும் உண்டு. எனக்குப் பிடித்தவரும் அவரே. 'கபிலர் அகவல்' என்ற நூல் பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவதைக் கடுமையாகச் சாடுகிறது. ஆதி, பகவன் என்ற பெற்றோருக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் ஒருவனாக, ஒடுக்கப்பட்ட தாயின் வயிற்றில் பிறந்து அந்தணர் வீட்டில் வளர்ந்தவனாகக் கபிலன் அதில் பேசுகிறான். அந்த ஏழு பேரில் ஔவையும் வள்ளுவனும் அதிகமானும் அடக்கம்! சங்கக் கபிலரை அந்தணர் என்று மாறோக்கத்து நப்பசலையார் புறநானூற்றில் புகழ்ந்திருக்கிறார். சாதியை எதிர்த்துப் பேச நினைத்த பிற்காலக் கவிஞர் ஒருவர் அந்தப் பெயரையே தேர்ந்தெடுத்தது வெறும் மரியாதைக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரின் கனத்தை அதற்கு எதிராகவே திருப்பியிருக்கிறார். தன் பெயரை அவர் விட்டுக்கொடுத்ததற்கு அது நல்ல விலைதான்.

கல்லாடர்களும் நால்வர்: சங்கப் பாடல்களில் வரும் கல்லாடனார், திருக்கண்ணப்பதேவர் திருமறம் பாடியவர், திருக்கோவையாரை அடியொற்றிய 'கல்லாடம்' என்ற நூலின் ஆசிரியர், தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதியவர். பெருந்தேவனார் மூவர். எட்டுத்தொகை நூல்கள் ஐந்துக்குக் கடவுள் வாழ்த்துப் பாடியவர் ஒருவர். தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாரத வெண்பா பாடியவர் ஒருவர். வீரசோழியத்துக்கு உரை எழுதியவர் ஒருவர். முதல் இருவரையும் பாரதம் பாடியவர்கள் என்றே மரபு சொல்வதால் அவர்களை ஒருவராக்கிவிடும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. இடைக்காடரில் சங்கப் புலவர் ஒருவர், கோனாரை விளித்துப் பாடும் சித்தர் ஒருவர். பட்டினத்தாரில் ஐந்து பிரபந்தங்கள் பாடிய திருமுறை ஆசிரியர் ஒருவர், பத்திரகிரியாரோடு சேர்த்துச் சொல்லப்படும் துறவி ஒருவர். டி.எம். சௌந்தரராஜன் நடித்த 1962ஆம் ஆண்டுப் படம் பின்னவரின் கதையைச் சொல்வது. முன்னவரின் மும்மணிக்கோவைகளைப் படித்தவர்கள் இன்று சிலரே. அகத்தியர் கணக்கில் இறங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. இலக்கணம் தொடங்கி வைத்தியம் வரை அந்தப் பெயரில் இல்லாத துறை இல்லை.

நக்கீரர் சிக்கல் வேறு வகை. நெடுநல்வாடையும் திருமுருகாற்றுப்படையும் நக்கீரர் பாடியவை என்று பத்துப்பாட்டு சொல்கிறது. முதலாவது 188 அடி, கூதிர்காலத்து அரண்மனையையும் பாசறையையும் காட்டுவது. இரண்டாவது 317 அடி, முருகனின் படைவீடுகளுக்கு வழி சொல்வது. இந்தத் திருமுருகாற்றுப்படை பதினோராம் திருமுறையிலும் நக்கீரதேவ நாயனாரின் பத்து நூல்களில் ஒன்றாக இருக்கிறது. அதாவது ஒரே நூல் இரண்டு தொகுப்புகளில், இரண்டு நக்கீரர்களின் கையில். திருமுருகாற்றுப்படையின் மொழி பிற்பட்டது என்பது எஸ். வையாபுரிப் பிள்ளையின் முடிவு. அதை ஏற்றால் பத்துப்பாட்டுக்குள்ளேயே இரண்டு நக்கீரர். ஏற்காவிட்டாலும் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதியைப் பாடியவரை நெடுநல்வாடைக்காரர் என்று சொல்ல இயலாது.

இறையனார் களவியல் உரைக்காரர் என்று இன்னொரு நக்கீரரும் இருக்கிறார். முச்சங்கக் கதையை விரிவாகச் சொல்லும் முதல் ஏடு இந்த உரைதான். இந்த உரை நக்கீரரில் தொடங்கிப் பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் முடிந்தது என்று உரையே சொல்லிவிடுகிறது. அதில் மேற்கோளாக வரும் பாண்டிக்கோவைப் பாடல்களோ நெடுமாறன் என்ற 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியனைப் புகழ்பவை. ஏட்டில் எழுதியவரின் நேர்மையை இங்கே பாராட்ட வேண்டும். நக்கீரர் பெயரை முகப்பில் வைத்துக்கொண்டாலும், பத்துத் தலைமுறை இடைவெளியை மறைக்கவில்லை.

பொதுமக்கள் மனத்தில் இருப்பது இவர்களில் எவரும் இல்லை. நெற்றிக்கண்ணைக் கண்டும் அஞ்சாத திருவிளையாடல் நக்கீரர்தான். 1965ஆம் ஆண்டுப் படத்தில் அந்த வேடத்தை இயக்குநர் ஏ.பி. நாகராஜனே ஏற்றார். அரசியல் வார இதழ் ஒன்று தனக்கு நக்கீரன் என்று பெயர் வைத்துக்கொண்டபோது நெடுநல்வாடையை நினைத்து வைக்கவில்லை.

சாத்தனாரையும் சொல்லியாக வேண்டும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் பெயரில் தொகைநூல்களில் பத்துப் பாடல்கள் உள்ளன. மணிமேகலை ஆசிரியரும் சாத்தனார், அவரும் கூலவாணிகர். இருவரும் ஒருவரே என்போர் உண்டு. ஆனால் மணிமேகலையில் வரும் பௌத்த அளவை வாதம் திக்நாகர் காலத்துக்குப் பிந்திய தருக்க நூல்களோடு ஒத்துப்போகிறது. அகப்பாடல் சாத்தனாரை அவ்வளவு தூரம் கீழே இழுத்து வர முடியாது. பெயரைச் சுற்றிய கதையோ வேறு எங்கோ போய்விட்டது. சீத்தலை என்ற ஊர்ப்பெயரைச் சீழ்ப்பிடித்த தலை என்று கொண்டு, பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொள்வார் என்று கதை கட்டினார்கள். திருக்குறள் கேட்டதும் அந்தத் தலைக்குத்து தீர்ந்தது என்று திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் ஒரு வெண்பாவே இருக்கிறது. திருவள்ளுவமாலை முழுவதுமே இந்த வகைதான்: கபிலர், பரணர், நக்கீரர், ஔவையார் எல்லாரும் வரிசையாக வந்து குறளுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். பிற்காலத்துக் கவிஞர் ஒருவரோ சிலரோ பழம்புலவர் கையெழுத்தில் எழுதிய பாராட்டு மலர் அது.

ஔவையிடம் வருவோம். மற்ற எல்லாப் பெயர்களையும் சேர்த்தாலும் இந்த ஒரு பெயர் அளவுக்குச் சிக்கல் இல்லை.

சங்க ஔவை பாடியவை 59: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. பெண்பாற் புலவர்களில் இத்தனை பாடல் வேறு யாருக்கும் இல்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் நெருங்கிய தோழி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அவன் நெல்லிக்கனி கொடுத்ததைப் பாடியவர். அவன் இறந்தபோது, கள் கிடைத்தால் தங்களோடு பகிர்ந்து குடித்தவன் போய்விட்டானே என்று அழுதவர். இன்னொரு பாட்டில் பகையரசன் அவரை மையுண்ட கண்ணும் ஒளிநெற்றியும் உடைய விறலி என்று விளித்துக் கேள்வி கேட்கிறான். கோலூன்றிய நரைத்த கிழவியை இந்தப் பாட்டுகளில் எங்கே தேடுவது? கவிஞர் இன்குலாப் 'ஔவை' நாடகத்தில் அவரை இளம் பாண்மகளாக நிறுத்தியபோது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. சங்கப் பாட்டைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி வந்திருக்க நியாயமில்லை.

இந்த ஔவைக்கு ஏட்டுக்கு வெளியே ஒரு பிடிமானம் உண்டு. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டெடுத்த தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி குகைப்படுக்கை கொடுத்ததைச் சொல்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு அதை ஏறத்தாழ கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அந்த அஞ்சியும் ஔவையின் அஞ்சியும் ஒருவர்தானா, அதே குலத்தில் அதே பெயர் தாங்கிய பாட்டனா பேரனா என்ற கேள்வி எழுந்தே தீரும். ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்க்கப் போன இடத்தில் இன்னொன்று காத்திருக்கிறது. இருந்தாலும் குலமும் பெயரும் பட்டமும் ஒன்றுசேர்ந்து கல்லில் கிடைப்பது சிறிய விஷயமில்லை.

அடுத்த ஔவை, நமக்கெல்லாம் முதலில் தெரிந்த ஔவை: ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி. சங்க ஔவை ஆசிரியப்பாவில் பாடினார். மூதுரையும் நல்வழியும் வெண்பா, பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்குபவை. இதைவிட உறுதியான சான்று நல்வழியின் கடைசி வெண்பாவில் இருக்கிறது. திருக்குறள், மூவர் தமிழ், திருக்கோவை, திருவாசகம், திருமூலர் வாக்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லி ஒரு நிரையில் வைக்கிறது அந்தப் பாட்டு. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் மணிவாசகரும் வந்து போய், அவர்கள் பாட்டு மறைக்கு நிகராக மதிக்கப்பட்ட பிறகே ஒருவரால் அதை எழுதியிருக்க முடியும். அதியமானின் தோழிக்கும் இவருக்கும் நடுவே எட்டு நூற்றாண்டுகளுக்குக் குறையாது.

மூன்றாவதாக யோக நெறி பேசும் ஔவை. 72 அடி விநாயகர் அகவலும் 310 குறள்கள் கொண்ட ஔவைக்குறளும் குண்டலினி, ஆதாரம் என்று உடலுக்குள் பயணிப்பவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரடியில் நீதி சொன்னவரே இதையும் பாடினாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இவர்களுக்குப் பிறகு, கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சபையில் மல்லுக்கு நிற்கும் தனிப்பாடல் ஔவை. முருகனிடம் நாவற்பழம் வாங்கித் தோற்ற ஔவை. சுந்தரரும் சேரமானும் கயிலை போவதற்கு முன்பே பிள்ளையார் துதிக்கையால் தூக்கிவிட்டு அங்கே சேர்ந்த ஔவை. நாஞ்சில் நாட்டில் செவ்வாய்க்கிழமை இரவில் ஆண்களை அண்டவிடாமல் பெண்கள் கொழுக்கட்டை அவித்து நோன்பு நோற்கும் ஔவை. மூவர் என்று முடித்தவர்களும் உண்டு, ஆறு வரை எண்ணியவர்களும் உண்டு. எண்ணிக்கை போடுவதில் எனக்கு நாட்டமில்லை. 'இரண்டாம் ஔவை' என்று சொல்வதைவிட 'நல்வழி ஔவை' என்று சொல்வது தெளிவு.

இத்தனை பேரும் ஒருவரானது எப்படி? மூதாட்டியைக் குறிக்கும் மரியாதைப் பெயர் அது என்பதால் பலருக்குப் பொருந்தியது என்பது பாதி விடை. மீதி விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்துப் பழகிய நாளிலிருந்து ஆத்திசூடி ஔவை தமிழ்ப்பிள்ளைகளுக்குத் தெரிந்தவர். சங்க ஔவையோ ஏட்டுச்சுவடிக்குள் கிடந்தார். உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சிட்டபோதுதான் பரவலாக வெளியே வந்தார். அவர் வந்தபோது வெண்ணரையும் கோலுமாக இன்னொரு ஔவை ஏற்கெனவே நாற்காலியில் அமர்ந்திருந்தார். காலத்தால் முந்தியவர் பிந்தியவரின் சாயலைப் பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று. நூற்றாண்டுகளைத் தாண்ட நெல்லிக்கனியே பாலமானது: அதைத் தின்றவருக்குச் சாவில்லையாதலால் அதியமானையும் கம்பரையும் அவர் பார்த்திருக்கலாம் அல்லவா! 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் சைமன் காசிச்செட்டியும் பிறகு சதாசிவம்பிள்ளையும் தொகுத்த புலவர் வரலாறுகள், தமிழ்நாட்டில் வீராசாமி செட்டியாரின் வினோத ரச மஞ்சரி ஆகியவை பெயர் வரிசையில் கதைகளைச் சேர்த்தன. பெயருக்கு ஒரு தலைப்பு என்று போட்டால், தலைப்புக்கு ஒரு ஆள்தான் வருவார். ஜெமினியின் 'ஔவையார்' படம் 1953ஆம் ஆண்டு வந்தபோது கே.பி. சுந்தராம்பாளின் குரல் அந்த ஒட்டுவேலைக்கு முத்திரை வைத்தது. மெரினா கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலையும் மூதாட்டிதான்.

சேர்த்ததில் நட்டம் யாருக்கு? பிற்காலப் பெண்களுக்கு என்பேன். நல்வழியைப் பாடியவர், விநாயகர் அகவலைப் பாடியவர், கம்பரின் பெயரைச் சொல்லி வம்பிழுத்தவர் எல்லாரும் தம் பெயரை முழுதாக இழந்தார்கள். காரைக்கால் அம்மையாருக்கும் ஆண்டாளுக்கும் வாய்த்த தனி வரலாறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களில் சிலர் ஆண்களாகவே இருந்திருக்கலாம் என்பதையும் மறுக்க வழியில்லை.

அரசர்கள் விஷயத்தில் இந்த வேலை எளிது. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். பிற்காலப் பாண்டியர்கள் சடையவர்மர், மாறவர்மர் என்று. சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்று மட்டும் கல்வெட்டில் இருந்தால் எந்தச் சுந்தரபாண்டியன் என்று தெரியாது. ஆனால் ஆட்சியாண்டும் கிழமையும் நட்சத்திரமும் திதியும் கூடவே இருக்கும். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றவர்கள் பஞ்சாங்கக் கணக்குப் போட்டு ஆளைப் பிடித்தார்கள். புலவனின் ஏட்டில் திதி ஏது?

ஆகவே நடையை நம்புகிறார்கள். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பாரதியின் நூல்கள் தேதியில்லாமல், 'பாரதி' என்ற பெயரோடு மட்டும், ஆயிரம் ஆண்டு கழித்துக் கிடைத்தால் என்ன செய்வோம்? விநாயகர் நான்மணிமாலைக்கு ஒரு பாரதி, குயில் பாட்டுக்கு ஒரு பாரதி, சின்னச் சங்கரன் கதைக்கு ஒரு குறும்புக்காரப் பாரதி என்று மூன்றாக வெட்டியிருப்போம். சோமசுந்தர பாரதியும் சுத்தானந்த பாரதியும் கோபாலகிருஷ்ண பாரதியும் வேறு நடுவே வந்து நிற்பார்கள். நடை மாறுவதால் மட்டும் ஆள் மாறிவிடுவதில்லை. பாரதி 'புதிய ஆத்திசூடி' எழுதித் தன் பெயரையே போட்டுக்கொண்டார். அச்சு வராத காலமாக இருந்திருந்தால் அதுவும் ஔவை கணக்கில் சேர்ந்திருக்கும் என்று சில சமயம் எண்ணிக்கொள்வதுண்டு.

அச்சும் தலைப்பெழுத்தும் வந்த பிறகு பழைய சிக்கல் பெரும்பாலும் ஓய்ந்தது. 'அந்த நாள்' எடுத்த வீணை எஸ். பாலசந்தரையும் 'அபூர்வ ராகங்கள்' எடுத்த கே. பாலசந்தரையும் குழப்பிக்கொள்ள ஒரு எழுத்தைத் தவறவிட வேண்டும். ஔவை மட்டும் இன்னும் இடம் தருகிறார். புறநானூற்றுக்கு உரை கண்ட துரைசாமிப் பிள்ளை பிறந்தது ஔவையார்குப்பத்தில். அவர் ஔவை துரைசாமி ஆனார். மேடையில் மூதாட்டி வேடம் கட்டிய டி.கே. சண்முகம் ஔவை சண்முகம் ஆனார், சென்னையில் ஒரு சாலையும் ஆனார். அவர் பெயரிலிருந்து 1996ஆம் ஆண்டு கமல்ஹாசனுக்கு ஒரு சண்முகி பிறந்தாள்.

பிரிப்பதற்கு உள்ள அதே கட்டுப்பாடு சேர்ப்பதற்கும் வேண்டும். சான்று கிடைத்தால் சேர்க்கத் தயங்கவும் கூடாது. அதியமானோடு அரசவையிலும் போர்க்களத்திலும் நின்ற புறநானூற்று ஔவையும், காதலின் தவிப்பைப் பாடிய குறுந்தொகை ஔவையும் ஒருவர்தானா என்ற ஐயம் நியாயமானதே. இரண்டும் இருவேறு உலகங்கள். குறுந்தொகை 91ஆம் பாடலில் தூக்கம் கெட்ட ஒருத்தியின் இரவுக்கு உவமை தேடுகிறார் கவிஞர். அஞ்சியின் போர்முனையில் அகப்பட்ட ஊரின் இரவைச் சொல்கிறார். 80ஆம் பாடலில் எழினியின் போர்முனைப் பசுக்கூட்டம் வருகிறது. எழினி என்பதும் அதியமான் குலத்துப் பெயர். தன் வேந்தனை அகப்பாட்டுக்குள்ளும் கூட்டி வந்திருக்கிறார். இந்த இருவரையும் ஒருவர் என்று துணிந்து சொல்லலாம்.